ஊர் ஊராக ஒரு முடிவெட்டு

காரைக்குடியில் இருக்கும்போது முடிவெட்டப் போக அவ்வளவு சோம்பல். வெளிநாடு போனால் மட்டும் முதல் வேலையே சலூன் தேடுவதுதான். எப்படியோ வழக்கமாகிவிட்டது.

வியட்நாமின் சைகோனில் தெருவோரக் கடை. மதில்சுவரில் ஆணியடித்து மாட்டிய கண்ணாடி, எதிரே ஒரு நாற்காலி. வெட்டி முடித்தவர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மெல்லிய கம்பியை எடுத்தார். காது குடையவாம்! எழப் பார்த்தேன், தோளைப் பிடித்து அமுக்கிவிட்டார். அப்புறம் சொகுசில் தூக்கமே வந்துவிட்டது. அதே தலையோடு, நகரத்தார் அங்கே கட்டிய தண்டாயுதபாணி கோயிலுக்குப் போய் ஒரு கும்பிடு.

இஸ்தான்புல்லில் இன்னும் மோசம். பஞ்சு சுற்றிய குச்சியில் தீயைப் பற்றவைத்து, காதோர முடியைப் பட் பட்டென்று தட்டிப் பொசுக்கினார். கடைசியில் உள்ளங்கை நிறைய எலுமிச்சை வாசனைக் கொலோன். ஊரில் கோழி வாட்டுவது ஞாபகம் வந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அப்பத்தாவிடம் படம் காட்டினேன். "உங்கய்யா கப்பலேறிப் போயி பர்மாத் தேக்கு கொண்டாந்தாக. நீ தலையச் செரச்சுக்கிட்டு வர்றியாக்கும்" என்றார்.

நம்மூர் சலூன் அண்ணனோ பிடரியைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "இது எந்த நாட்டுக்காரன் பண்ணுன கோணல், தம்பி?"