டிரெட்மில் டெஸ்ட்டில் நான் கேட்டு வாங்கிய எண்

டிரெட்மில் டெஸ்ட்டுக்கு, அதாவது ஓடும் பட்டையில் நடக்கவிட்டு, துடிப்பை ஏற்றி இதயத்தைப் பார்க்கும் சோதனைக்குப் போகிறவர்கள், "நான் சாப்பிடும் மாத்திரைகளில் எதையாவது நிறுத்தணுமா?" என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். என்னிடம் பருத்தித் துணியும் ஷூவும் போட்டு வரச் சொன்னார்கள், அவ்வளவுதான். ரத்த அழுத்தத்துக்கு நான் எடுப்பது பீட்டா பிளாக்கர். அது துடிப்பை ஏற விடாது. மார்பில் ஒயர் ஒட்டப் போகும் நேரத்தில்தான் அதை விசாரித்துத் திருப்பி அனுப்பினார்கள். விடுப்பு வீண். அதற்காக நீங்களாகவே மாத்திரையை விட்டுவிடாதீர்கள், திடீரென நிறுத்தினால் ஆபத்து. டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

மறுமுறை டெஸ்ட் ஒழுங்காக முடிந்தது. ஆனால் ரிப்போர்ட்டில் 'நெகட்டிவ்' என்று ஒரே வரி. உச்சத்தைத் தொட்டபின் முதல் நிமிடத்தில் துடிப்பு எவ்வளவு இறங்கியது என்பது எனக்குத் தெரிய வேண்டும். கவுன்டரில் கேட்டால், "அதான் நார்மல்னு போட்டிருக்கே" என்று அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். நான் நகரவில்லை. கடைசியில் டெக்னீஷியனே வந்து, மடித்து வைத்திருந்த கிராஃப் தாள்களைப் பிரித்து, 'ரெக்கவரி' என்ற இடத்தில் விரலை வைத்தார். உச்சத்தில் 152, ஒரு நிமிடம் கழித்து 141.

வெறும் 11! மெதுவாக நடந்து ஆறும்போது அந்த ஒரு நிமிடத்தில் துடிப்பு 12 அல்லது அதைவிடக் குறைவாக மட்டுமே இறங்கினால், அது போதாது என்பது 1999-இல் வெளியான ஆய்வு வைத்த எல்லை. இதயத் துடிப்பைத் தணிக்கும் வேகஸ் நரம்பு எவ்வளவு சீக்கிரம் பிரேக் போடுகிறது என்பதைத்தான் இந்த எண் காட்டுகிறது. அந்தத் தாளைப் பார்த்தபின் டாக்டரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஜிம் வேண்டாம், அன்றாட நடமாட்டத்தைக் கூட்டுங்கள் என்றார். லிஃப்ட்டை விட்டுப் படியேறினேன். போன் வந்தால் நடந்துகொண்டே பேசினேன். பேச முடியணும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை உலக சுகாதார நிறுவனம் 2020-இல் எடுத்துவிட்டது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, துண்டு துண்டாகச் சேர்ந்தாலும் சரி. எனக்கு இது பெரிய தெம்பு.

அடுத்த டெஸ்ட்டில் 18 இறங்கியது! ஒப்பிட வேண்டுமானால் மாத்திரை விஷயத்திலும் ஆறும் முறையிலும் இரண்டு டெஸ்ட்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அப்புறம், கிராஃப் தாள்களின் நகலை அன்றே கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.