வாசலில் தொங்கும் பூண்டு

மெக்சிகோ சிட்டியில் சோனோரா சந்தை என்று ஒன்று இருக்கிறது. மூலிகைக்கும் மாந்திரீகப் பொருட்களுக்கும் பேர்போன இடம். மெக்சிகோவில் பூண்டைக் கோத்து, சிவப்பு ரிப்பன் கட்டி, கடை வாசலில் தொங்கவிடுவார்கள். கண் திருஷ்டி அண்டாதாம். கூடவே கற்றாழையும் தொங்கும். நம் வீட்டு நிலைப்படியில் தொங்குகிற அதே கற்றாழைதான்!

இத்தனைக்கும் பூண்டு அந்த மண்ணின் பயிரே இல்லை. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் கொண்டுபோனது. குரான்டெரோ எனப்படும் நாட்டு வைத்தியர்கள் அதைச் சொந்தமாக்கிக்கொண்டார்கள். உடம்பில் குளிர்ச்சி ஏறினால் சூடான பொருள் கொடு என்பது அவர்கள் கணக்கு, பூண்டு சூடு. இருமலுக்கு நசுக்கிய பூண்டு, தேன், எலுமிச்சைச் சாறு. ரத்தக் கொதிப்புக்குப் பச்சைப் பூண்டு. நசுக்குவதில் விஷயம் இருக்கிறது: பல் நசுங்கும்போதுதான் அல்லிசின் என்கிற, பூண்டின் நெடிக்கும் மருந்துக் குணத்துக்கும் காரணமான வேதிப்பொருள் உருவாகிறது. முழுப் பல்லாக வேகவைத்தால் அது பெரிதாகக் கிடைக்காது.

இந்த மரபின்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ‘எம்பாச்சோ’ என்கிற வயிற்று மந்தத்துக்குக் கொடுத்த அசார்கோன், கிரேட்டா பொடிகள் கிட்டத்தட்ட முழுக்க ஈயம். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பச்சைப் பிள்ளைகள் அதனால் பாதிக்கப்பட்டார்கள். மனசு ஆறவே இல்லை.

அந்தப் பொடிகளுக்கு முன்னால் பூண்டு சாது. ஆனால் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பூண்டை மருந்தாக எடுக்குமுன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அப்புறம், குழந்தைகள் தோலில் அரைத்துப் பூசவே வேண்டாம், கொப்பளித்துவிடும்.