நானோ ப்ராஜெக்ட் வைவாவுக்குத் தயாராகிறவர்களுக்கு

எம்.எஸ்சி. கடைசி செமஸ்டரில் நானோ துகள் ப்ராஜெக்ட் எடுத்தவர்கள் பலரும் டி.இ.எம். (எலெக்ட்ரான் நுண்ணோக்கி) படம் எப்போது வரும் என்றே காத்திருக்கிறார்கள். அது வருகிறபோது வரட்டும். கையில் இருக்கிற யு.வி. ஸ்பெக்ட்ரத்தையும் (ஒளி உறிஞ்சல் வரைபடம்) எக்ஸ்.ஆர்.டி. வரைபடத்தையும் (படிகத்தில் எக்ஸ் கதிர் சிதறும் கோணங்களைக் காட்டுவது) அதுவரை துருவிப் படியுங்கள். என் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) முக்கால்வாசிக் கேள்விகள் அந்த இரண்டிலிருந்துதான் வந்தன.

நான் செய்தது தங்க நானோ துகள். டர்கெவிச் குழு 1951-இல் வெளியிட்ட சிட்ரேட் முறை. கொதிக்கும் குளோரோ ஆரிக் அமிலம் என்ற தங்கச் சேர்மத்தின் கரைசலில் சோடியம் சிட்ரேட்டை ஊற்றியதும் வெளிர் மஞ்சள் மறையும், கருநீலம் தட்டும், அப்புறம் ஒயின் சிவப்பில் வந்து நிற்கும். ஒவ்வொரு நிறமும் எத்தனையாவது நிமிடத்தில் வந்தது என்று நோட்டில் எழுதுங்கள், அதையும் கேட்பார்கள். குடுவையை முன்பே ராஜதிராவகத்தில் (தங்கத்தையும் கரைக்கும் அமிலக் கலவை) கழுவி நன்றாக அலசியிருக்க வேண்டும். பழைய தங்கத் துணுக்கு ஒட்டியிருந்தால் அதன்மேலேயே புதுத் தங்கம் படிந்து, துகள்கள் ஒரே அளவில் வராது. ராஜதிராவகத்தைத் தேவைப்படும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலக்குங்கள், மூடிய பாட்டிலில் வைக்கவே வைக்காதீர்கள்; வாயு சேர்ந்து வெடிக்கும்.

யு.வி. ஸ்பெக்ட்ரத்தில், சுமார் 15 நானோமீட்டர் துகளுக்கு உறிஞ்சல் பீக் (உச்சி) 520 நானோமீட்டரை ஒட்டி வரும். உப்பு போட்டால் ஏன் நீலமாகிறது என்பது கட்டாயம் வரும் கேள்வி. சிட்ரேட் தரும் நெகட்டிவ் மின்னூட்டம்தான் துகள்களை விலக்கி வைக்கிறது. உப்பு அந்த விலக்கத்தைத் தணித்ததும் துகள்கள் நெருங்கிக் கூடுகின்றன, பீக் நீண்ட அலைநீளத்துக்கு நகர்கிறது.

எக்ஸ்.ஆர்.டி.யில், பீக்கின் அகலத்திலிருந்து படிகத்தின் அளவைக் கணக்கிடும் ஷெரர் சமன்பாட்டைக் கையாலேயே போட்டுப் பழகுங்கள். தங்கத்தின் முதல் பீக் 38.2 டிகிரியில் (வரைபடம் காட்டுவது 2θ, சமன்பாட்டில் வருவது θ), பாதி உயரத்தில் அகலம் 0.8 டிகிரி என்று வைப்போம். செம்புக் கதிரின் அலைநீளம் 0.15406 நானோமீட்டர், மாறிலி 0.9. அகலத்தை ரேடியனாக்கி, கோணத்தைப் பாதியாக்கிப் போட்டால் 10.5 நானோமீட்டர் வரும். கோணத்தைப் பாதியாக்க மறந்தால் 12.6. அகலத்தை டிகிரியிலேயே விட்டால் 0.18, தங்க அணுவின் விட்டமே சுமார் 0.29! விடை வந்ததும் இப்படி உரசிப் பார்க்கிற பழக்கம் ஆராய்ச்சிக்கு மிக முக்கியம். பீக் அகலத்தில் கருவியின் பங்கும் உண்டு. லாந்தனம் ஹெக்ஸாபோரைடு மாதிரி ஸ்டாண்டர்டு எடுத்து அந்தப் பங்கைக் கழித்துவிட்டுத்தான் கணக்கைத் தொடங்க வேண்டும்.

ஷெரர் தருவது படிகத்தின் அளவு, துகளின் அளவு அல்ல. ஒரே துகளுக்குள் பல படிகங்கள் இருக்கலாம். டி.எல்.எஸ். (கரைசலில் ஒளிச்சிதறலை வைத்து அளவு காணும் முறை) எடுத்தால் மேலுறையும் அதோடு நகரும் நீரும் சேர்ந்து இன்னும் பெரிய எண் வரும். இந்த எண்கள் ஏன் ஒத்துப்போகவில்லை என்று அறிக்கையிலேயே ஒரு பத்தி எழுதிவிடுங்கள். என் அறிக்கையில் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் முதலில் புரட்டியது அந்தப் பக்கத்தைத்தான்.