நாற்பத்தைந்து அடிக்கு ஒன்று

அக்கா ரோமில் நர்ஸாகச் சேர்ந்து பதினோரு வருடம் ஆகிறது. ஒவ்வொரு வருடமும் போனில் "வா மக்கா, ஒரு தடவை வந்துட்டுப் போ" என்று கூப்பிடுவாள். போன மார்ச்சில்தான் கைகூடியது. போய் இறங்கிய ராத்திரி, முதலில் எங்கே கூட்டிக்கொண்டு போகட்டும் என்று கேட்டாள். வத்திக்கான் என்பேன் என்று நினைத்திருப்பாள். அப்பியா சாலை என்றேன்.

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த விடுமுறையில் 'ஸ்பார்டகஸ்' படத்தைப் பழைய சிடி ஒன்றில் பார்த்தேன். 1960-இல் ஸ்டான்லி குப்ரிக் எடுத்தது. அதன் முடிவில் ஒரு நீண்ட சாலை வரும். ஓரமெல்லாம் சிலுவைகள், ஒவ்வொன்றிலும் ஒரு மனிதன். சிலுவை என்றால் எனக்கு அதுவரை ஒன்றுதான், மிஞ்சினால் பக்கத்தில் இரண்டு கள்ளர்களுக்காக மூன்று. அந்தச் சாலை நிஜமாகவே இருக்கிறது, இன்றும் அதில் நடக்கலாம் என்று வருடங்கள் கழித்துப் படித்தபோது, போகாமல் இருக்கமுடியாது என்று தோன்றிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை 118-ஆம் எண் பேருந்தைப் பிடித்தோம். ஊரின் பழைய மதிலைத் தாண்டியதும் சாலை குறுகி, இரண்டு பக்கமும் சுவர் நெருக்கிக்கொண்டு வருகிறது. சின்னதாக ஒரு கோவில் வந்தது. குவோ வாதிஸ் கோவில். நீரோ காலத்தில் உயிருக்குப் பயந்து ரோமைவிட்டு ஓடிய பேதுரு இந்த இடத்தில் இயேசுவை எதிரே கண்டாராம். "ஆண்டவரே, எங்கே போகிறீர்?" என்று கேட்க, "மறுபடி சிலுவையில் அறையப்பட ரோமுக்குப் போகிறேன்" என்று பதில் வந்ததாம். பேதுரு திரும்பிப் போனார், தலைகீழாகச் சிலுவையில் அறையப்பட்டார் என்பது மரபு. இந்தக் கதையை வைத்துப் போலந்து எழுத்தாளர் சியன்கியெவிச் எழுதிய நாவல் உலகம் முழுக்கப் போனது, படமாகவும் வந்தது. உள்ளே அவருடைய மார்பளவுச் சிலை இருக்கிறது. அக்கா ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். நான் வெளியே வந்து சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கி.மு. 312-இல் அப்பியுஸ் கிளாடியுஸ் என்ற அதிகாரி போடத் தொடங்கிய சாலை இது. முதலில் ரோமிலிருந்து கபுவா வரை, பிறகு தென்கோடித் துறைமுகமான பிரிண்டிசி வரை. 2024-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் பழைய எரிமலைக்கல் பாவு அப்படியே கிடக்கிறது. ஒவ்வொரு கல்லும் நம் ஊர் அம்மிக்கல்லைவிடப் பெரிது; மேல்பக்கம் தேய்ந்து மழமழவென்று இருக்கிறது. வண்டிச் சக்கரம் போய்ப்போய் விழுந்த பள்ளத்தில் முந்தின நாள் மழைத்தண்ணீர் நின்றது. இரண்டு பக்கமும் குடை விரித்த மாதிரி பைன் மரங்கள். சைக்கிளில் குழந்தைகளை வைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். அவ்வளவு அழகான இடம்.

கி.மு. 73-இல் கபுவாவில் ஒரு கிளாடியேட்டர் பட்டறையிலிருந்து எழுபத்துச் சொச்சம் பேர் அடுக்களைக் கத்தியையும் இறைச்சி சுடும் கம்பியையும் தூக்கிக்கொண்டு தப்பித்தார்கள். அவர்களுக்குத் தலைவன் திரேஸ் நாட்டு ஸ்பார்டகஸ். இரண்டு வருடத்தில் பல்லாயிரம் அடிமைகள் சேர்ந்து, அனுப்பிய படைகளையெல்லாம் திருப்பி அடித்தார்கள். கடைசியில் கி.மு. 71-இல் கிராசுஸ் என்ற பெரும் பணக்காரத் தளபதி அவர்களை ஒடுக்கினான். உயிரோடு பிடிபட்டவர்கள் ஆறாயிரம் பேர். கபுவாவிலிருந்து ரோம் வரை, சாலை நெடுக, அவர்களைச் சிலுவையில் அறைந்தான். இதை எழுதிவைத்த வரலாற்றாசிரியரின் பெயரும் தற்செயலாக அப்பியன்.

படிக்கும்போது ஆறாயிரம் என்பது ஓர் எண்ணாகத்தான் இருந்தது. இங்கே வருவதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட்டேன். ரோமுக்கும் கபுவாவுக்கும் நடுவே சுமார் 195 கிலோமீட்டர். ஒரே வரிசையாக நட்டால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று மீட்டர். என் நடையில் நாற்பத்தைந்து காலடி. அதைக் காலால் அளந்து பார்க்கவேண்டும் என்றுதான் வந்தேன்.

"எண்ணிக்கிட்டு நடக்கப் போறேன், பேச்சுக் குடுக்காத அக்கா" என்றேன். நாற்பத்தைந்து அடி. நின்றேன். ஒரு பைன் மரத்தின் தூர். இன்னொரு நாற்பத்தைந்து. உடைந்த ஒரு கல்தூண். அடுத்தது வெறும் புல். நின்ற இடத்திலிருந்து பார்த்தால் முந்தின இடமும் தெரிகிறது, அடுத்த இடமும் தெரிகிறது. தொங்குகிறவனுக்கும் அப்படித்தானே இருந்திருக்கும்? பக்கத்தில் இருப்பவன் இன்னும் முனகுகிறானா, அடங்கிவிட்டானா என்று கேட்கக்கூடிய தூரம். இது எனக்குத் தோன்றவே இல்லை, அந்த நாலாவது நிறுத்தம் வரை. அதற்கப்புறம் சாலையின் அழகு என் கண்ணில் படவில்லை.

இந்தத் தண்டனையைப் பெர்சியர்கள் செய்தார்கள். அலெக்சாந்தர் தீர் நகரத்தைப் பிடித்தபோது இரண்டாயிரம் பேரைக் கடற்கரையில் அப்படிக் கொன்றான். ரோமானியர் கையில் அது அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் என்றே வைத்த தண்டனையாக ஆனது. ரோமக் குடிமகனுக்குச் சிலுவை என்ற சொல்லே காதில் விழக்கூடாது, கண்ணிலும் நினைப்பிலும் படக்கூடாது என்று கி.மு. 63-இல் ஒரு வழக்கில் சிசெரோ வாதாடினார். அடிமைக்கு? பேச்சாசிரியர் குவின்டிலியன் பெயரில் வழங்கும் ஓர் உரையில் ஒரு வரி வருகிறது: குற்றவாளிகளைச் சிலுவையில் அறையும்போதெல்லாம் ஆள் நடமாட்டம் அதிகமுள்ள சாலைகளையே தேர்ந்தெடுக்கிறோம், நிறையப் பேர் பார்த்து அஞ்சவேண்டும் என்பதற்காக. கொல்வதற்கு வாளே போதும். சிலுவை வழிப்போக்கனுக்காக நட்டது. சந்தைக்குப் போகிறவன், தண்ணீர் சுமக்கிற அடிமை, கையைப் பிடித்து வரும் பிள்ளை, இவர்கள் எல்லாரும் பார்க்கவேண்டும்.

எங்கள் குமரிப் பக்கம் வழியோரத்தில் சிலுவை இருந்தால் அது குருசடி. சின்ன மண்டபம், உள்ளே ஒரு சிலுவை, முன்னால் உருகி வழிந்த மெழுகு. பேருந்தில் போகிறவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார்கள். சிலுவை என்ற சொல் சிரியாக் மொழியிலிருந்து வந்தது, குருசு போர்த்துக்கீசியரிடமிருந்து. இரண்டும் நமக்கு வந்து சேரும்போதே கும்பிடுகிற சொற்களாகத்தான் வந்தன. ஆகவே சாலையோரச் சிலுவை ஒரு மிரட்டல் என்று உணர எனக்கு இந்த எரிமலைக்கல்லில் நடக்கவேண்டியிருந்தது. நமக்கும் அந்தப் பக்கத்துச் சொல் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஊரில் கிழவிகள் கோபத்தின் உச்சியில் 'கழுவேறி' என்று திட்டுவார்கள். கழுமரத்தை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. வசவில் மட்டும் அது நின்றுகொண்டிருக்கிறது. ரோமிலும் இதே கதைதான். 'கெட்ட சிலுவைக்குப் போ' என்பது அங்கே தெருச்சண்டை வசவு.

பிளாட்டுஸ் என்ற நாடகக்காரர் கி.மு. 200-ஐ ஒட்டி எழுதிய ஒரு நகைச்சுவை நாடகத்தில் ஓர் அடிமை மிரட்டலுக்குப் பதில் சொல்கிறான்: பயமுறுத்தாதே, சிலுவைதான் என் கல்லறை என்று எனக்குத் தெரியும், என் அப்பன், பாட்டன், பூட்டன் எல்லாரும் அங்கேதான் கிடக்கிறார்கள். அரங்கமே சிரித்திருக்கும். எனக்கு அந்த வரி தொண்டையில் நிற்கிறது. ஏனென்றால் இந்தச் சாலை முழுக்கக் கல்லறைகள். ஊருக்குள் புதைக்கக்கூடாது என்பது ரோமச் சட்டம். அதனால் வசதி உள்ளவர்கள் சாலையோரத்தில் பெரிது பெரிதாகக் கட்டினார்கள். எல்லாவற்றிலும் பெயர் இருக்கிறது.

அதில் மிகவும் பெயர்பெற்றது செசிலியா மெத்தெல்லாவின் சமாதி. சுமார் முப்பது மீட்டர் குறுக்களவில் வட்டக் கோட்டை மாதிரி எழுந்து நிற்கிறது. மேலே வரிசையாக மாலைகளும் மாட்டு மண்டைகளும் செதுக்கியிருக்கிறார்கள். இந்த இடத்துக்கே மாட்டுத்தலை என்றுதான் பெயர். சாலையைப் பார்த்த பக்கம் ஒரு பளிங்குப் பலகை. லத்தீன் தெரியாவிட்டாலும் எழுத்துக் கூட்டிப் படித்துவிடலாம். கடைசிச் சொல் 'கிராசி'. கிராசுஸின் மனைவி என்று அர்த்தம். ஆறாயிரம் பேரை அறைந்த அந்தக் கிராசுஸின் மகனுக்கு வாழ்க்கைப்பட்டவள் இவள் என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். அந்த வீட்டு மருமகளுக்கு அதே சாலையில் இரண்டாயிரம் வருடமாக அழியாத பெயர்ப்பலகை. ஆறாயிரம் பேரில் ஒருவன் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பலகையின் அடியில் நின்று கோபம் வந்தது. இத்தனை காலம் கழித்துக் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது என்று சிலர் கேட்கலாம். வந்தது, அவ்வளவுதான்.

சமாதிக்கு எதிரே புல்லில் உட்கார்ந்து அக்கா கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டோம். ஆறாயிரம் பேர் என்றால் எலும்பாவது கிடைத்திருக்குமே என்று கேட்டாள். கிடைக்காது என்பதுதான் இதில் கொடுமை. உடலை இறக்கிப் புதைக்கப் பெரும்பாலும் விடமாட்டார்கள். பறவைக்கும் நாய்க்கும் போகும். ஆணியைப் பிடுங்கிக்கொள்வார்கள். 1968-இல் எருசலேமில் ஒரு கல்லறையில் யெஹோஹனான் என்ற இளைஞனின் எலும்புப்பெட்டி கிடைத்தது. குதிகால் எலும்பில் பக்கவாட்டாக 11.5 சென்டிமீட்டர் ஆணி ஒன்று இறங்கியிருந்தது. நுனி வளைந்திருக்கிறது. மரத்தில் கணுவில் பட்டு வளைந்திருக்கவேண்டும். அதனால் பிடுங்கமுடியாமல் அப்படியே புதைத்துவிட்டார்கள். 2017-இல் இங்கிலாந்தில் ஃபென்ஸ்டாண்டன் என்ற ஊரில் இதேபோல் குதிகாலில் ஆணியோடு இன்னொருவன் கிடைத்தான். இப்படி விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் சான்று.

அக்கா என் காலை இழுத்து, செருப்பைக் கழற்றி, குதிகாலின் வெளிப்பக்கம் கட்டைவிரலால் அழுத்தினாள். "பாதத்துலேயே பெரிய எலும்பு இதுதான் மக்கா. நடக்கும்போது மொத்த எடையும் முதல்ல இறங்குறது இதுலதான்." கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. வார்டில் எத்தனையோ பார்த்தவள்.

முந்தின நாள் பார்த்த இரண்டைச் சொல்ல விட்டுவிட்டேன். பாலத்தீன் குன்றின் அருங்காட்சியகத்தில் ஒரு சுண்ணாம்புப் பூச்சுத் துண்டு இருக்கிறது. 1857-இல் கண்டெடுத்தது. கழுதைத் தலை வைத்த ஒருவன் சிலுவையில் நிற்கிறான். கீழே ஒரு பையன் கையைத் தூக்கிக் கும்பிடுகிறான். கிரேக்கத்தில் கிறுக்கியிருக்கிறது: 'அலெக்சாமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான்.' கி.பி. 200-ஐ ஒட்டியது என்கிறார்கள். சிலுவையில் இயேசு என்று நமக்குக் கிடைத்த மிகப் பழைய படங்களில் ஒன்று, கூடப் படித்த அல்லது கூட வேலை செய்த யாரோ கேலிக்காகக் கீறியது. அடிமைச் சாவு செத்தவனையா கும்பிடுகிறாய் என்பதுதான் அந்தக் கேலி. பக்கத்து அறைச் சுவரில் வேறொரு கையெழுத்தில் 'அலெக்சாமெனோஸ் விசுவாசமுள்ளவன்' என்று இருந்ததாம். எழுதியது அவனாகவே இருக்கவேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

அங்கிருந்து சாந்தா சபீனா கோவில். கி.பி. 430-ஐ ஒட்டிச் செய்த மரக்கதவில், இடதுபக்க உச்சியில், கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தால் சின்னதாக ஒரு பலகை. நடுவில் இயேசு, இரண்டு பக்கமும் கள்ளர்கள். கைகளை விரித்து நிற்கிறார்கள். பின்னால் மரம் கிட்டத்தட்டத் தெரியவே இல்லை. பேரரசன் கான்ஸ்டன்டைன் இந்தத் தண்டனையை ஒழித்து நூறு வருடம் ஆன பிறகும் தச்சனுக்குச் சிலுவையைத் துணிந்து செதுக்கக் கை வரவில்லை போலும்.

சரி, படத்துக்கு வருகிறேன். நிஜத்தில் ஸ்பார்டகஸ் சிலுவையில் சாகவில்லை. கிராசுஸைத் தேடிப் போர்க்களத்தில் முன்னேறி வெட்டுப்பட்டு விழுந்தான். உடல் கிடைக்கவே இல்லை என்று அப்பியன் எழுதுகிறார். படத்தில் அவனைச் சிலுவையில் ஏற்றினார்கள். வரலாறு தெரிந்த பிறகும் எனக்கு அது தவறாகப் படவில்லை. மூல நாவலை எழுதிய ஹோவர்ட் ஃபாஸ்ட், கம்யூனிஸ்டுகளைத் தேடிய அமெரிக்க நாடாளுமன்றக் குழு கேட்ட பெயர்களைக் கொடுக்க மறுத்துச் சிறை போனவர். திரைக்கதை எழுதிய டால்டன் ட்ரம்போவும் சிறை போய், கறுப்புப் பட்டியலில் சொந்தப் பெயரில் எழுதமுடியாமல் கிடந்தவர். யார் ஸ்பார்டகஸ் என்று கேட்டபோது ஒவ்வொருவனாக எழுந்து "நான்தான்" என்று சொல்லும் காட்சி இவர்கள் கதையிலிருந்து வந்தது சும்மா இல்லை. கடைசியில் சிலுவையின் அடியில் மனைவி கைக்குழந்தையைத் தூக்கிக் காட்டுகிறாள், இவன் அடிமை இல்லை என்கிறாள். அந்த ஆறாயிரம் பேரில் யாருக்காவது அப்படி ஒரு முகம் கீழே வந்து நின்றிருந்தால் நன்றாயிருக்குமே என்று நினைக்கிற மனசு அது.

சாப்பிட்டு எழுந்து மறுபடி நடந்தோம். இந்தத் தடவை அக்காவும் கூடவே எண்ணினாள், ஜெபமாலை உருட்டுகிறவள் குரலில். ஒவ்வொரு நாற்பத்தைந்துக்கும் நின்று ஒரு வினாடி தலையைக் குனிந்தாள். இருபதாவது இடத்தில் அம்மா வீடியோவில் கூப்பிட்டாள். சாலையைக் காட்டச் சொன்னாள், காட்டினோம். மரமெல்லாம் நல்லா இருக்கே, குளிருதா, தலையில துணி கட்டுனியா என்று கேட்டுவிட்டு வைத்தாள். எண்ணிக்கை எங்கே நின்றது என்று இரண்டு பேருக்கும் மறந்துபோயிருந்தது. அக்கா குனிந்து, கல்லிடுக்கில் முளைத்திருந்த ஒரு வெள்ளைப்பூவைத் தள்ளி, கால் வைத்து, "ஒண்ணு" என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள்.