டின்னிலிருந்து பீர்: என் முதல் டிரம்

டின்னைத் திறந்து, தண்ணீரை ஊற்றி, ஈஸ்ட்டைத் தூவுவதெல்லாம் பீர் செய்வதாகுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஆகும். பார்லியை முளைகட்டி, உலர்த்தி, உடைத்து, வெந்நீரில் ஊறவைத்து மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, கசப்புக்காக ஹாப்ஸ் என்ற பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, கடைசியில் தண்ணீரை வற்றவைத்துப் பாகாக்குவது வரைக்கும் உள்ள வேலையை ஆலைக்காரர்களே முடித்துக் கொடுத்துவிடுகிறார்கள் என்பது உண்மைதான். மிச்சமிருப்பது நொதித்தல் மட்டும், அதாவது ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் வாயுவும் ஆக்குகிற வேலை. ஆனால் பீர் நல்லதா கெட்டதா என்று தீர்மானமாவது அந்த மிச்சத்தில்தான். முதல் டிரம்மைப் போட்டு, பாட்டிலில் அடைத்து, குடித்தும் பார்த்துவிட்டேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

நான் இருப்பது ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில். இந்த ஊரில் பீர் கிட், அதாவது வீட்டில் பீர் செய்வதற்கான டின்னும் சாமான்களும் என்றாலே கூப்பர்ஸ்தான். 1862-ல் தாமஸ் கூப்பர் என்பவர் இங்கே தொடங்கிய ஆலை, இன்றும் அதே குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. டின்னை வாங்க தனிக் கடை தேடிப் போக வேண்டியதில்லை, சூப்பர்மார்க்கெட் அலமாரியிலேயே இருக்கும். நான் எடுத்தது ரியல் ஏல், ஏல் என்பது ஒரு பீர் வகை. 1.7 கிலோ டின், உள்ளே கருந்தேன் நிறத்தில் கெட்டியான மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) பாகு, பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் ஒரு சின்ன ஈஸ்ட் பொட்டலம். ஹாப்ஸின் கசப்பு பாகிலேயே ஏறியிருக்கும். இதோடு ஒரு கிலோ சர்க்கரை சேர்த்தால் 23 லிட்டர் பீர். வெள்ளைச் சர்க்கரையும் போடலாம், ஆனால் அதுவும் டெக்ஸ்ட்ரோஸும் (குளுக்கோஸ்) முழுக்க நொதித்துப்போய் பீரைத் தண்ணியாக்கிவிடும் என்பதால், டெக்ஸ்ட்ரோஸ், மால்ட்டோடெக்ஸ்ட்ரின், உலர்ந்த மால்ட் மூன்றும் கலந்து விற்கிற பையை வாங்கிக்கொண்டேன். மால்ட்டோடெக்ஸ்ட்ரினை ஈஸ்ட்டால் தின்ன முடியாது, அது அப்படியே தங்கி வாயில் கொஞ்சம் கனம் தரும்.

கலக்குகிற வேலை அரை மணி நேரம்கூட ஆகாது. டின்னை வெந்நீரில் வைத்துப் பாகை இளக்கி, டிரம்மில் இரண்டு லிட்டர் சுடுதண்ணீரோடு சர்க்கரையையும் சேர்த்துக் கரைத்து, மீதிக்குக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி ஈஸ்ட்டைத் தூவினால் முடிந்தது. உண்மையான வேலை அதற்கு முன்னால் இருக்கிறது, அது சுத்தம்.

நம் வீட்டு இட்லி மாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் புளிக்கவைப்பவை பெரும்பாலும் உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்கள். வெளியிலிருந்து நாம் எதையும் போடுவதில்லை, கையால் கரைத்தால் இன்னும் நன்றாகப் பொங்கும் என்றுகூட வீட்டில் சொல்வார்கள். பீரில் எல்லாமே நேர்மாறு. நாம் போடுகிற ஈஸ்ட் மட்டும்தான் உள்ளே வாழ வேண்டும், வேறு எது நுழைந்தாலும் புளிப்போ நாற்றமோ வந்துவிடும். இனிப்பும் சத்தும் நிறைந்த 23 லிட்டர் திரவம், அதுவும் அறை வெப்பத்தில், எந்தக் கிருமிக்குத்தான் பிடிக்காது? ஈஸ்ட் பெருகி, ஆல்கஹாலும் அமிலத்தன்மையும் ஏறிய பிறகு பயம் குறைவு. முதல் ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்தான நேரம்.

அதனால் டிரம், குழாய், கரண்டி, தெர்மாமீட்டர், ஈஸ்ட் பொட்டலத்தை வெட்டுகிற கத்தரிக்கோல் உட்பட எல்லாவற்றையும் இரண்டு தடவை கவனிக்க வேண்டும். முதலில் சோடியம் பெர்கார்பனேட் கரைத்த வெந்நீரில் அழுக்குப் போகக் கழுவுவது. பிறகு கிருமி போவதற்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த சானிடைசர். இரண்டும் வேறு வேறு வேலை, ஏனென்றால் அழுக்கு ஒட்டியிருந்தால் அதன் அடியில் சானிடைசர் போகாது. இந்த வகை சானிடைசரை அளவாகக் கலந்தால் அலசத் தேவையில்லை, நுரை கொஞ்சம் தங்கினாலும் பரவாயில்லை. வீட்டில் இருக்கிற பிளீச்சை மட்டும் எடுக்காதீர்கள். அதில் மிஞ்சுகிற குளோரின் மால்ட்டில் உள்ள பீனால்களோடு சேர்ந்தால் மருந்துப் பிளாஸ்திரி வாடை வரும், அதை எத்தனை மாதம் வைத்தாலும் போக்க முடியாது.

அடுத்தது வெப்பம். ஏல் ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22 டிகிரி வரை சுகமான நிலை. அதற்கு மேலே போகப்போகப் பழவாசனை தரும் எஸ்டர்கள் அதிகமாகும், தொண்டையைக் கீறுகிற கனமான ஆல்கஹால்களும் சேரும். நொதிக்கும்போது ஈஸ்ட்டே சூடு கிளப்புவதால் டிரம்முக்குள் அறையைவிட ஓரிரண்டு டிகிரி கூடுதலாகவே இருக்கும். கோடையில் 40 டிகிரியைத் தொடுகிற ஊர் இது, ஜனவரியில் ஆரம்பிக்கிறவர்கள் ஈரத் துணியும் ஐஸ் பாட்டிலுமாகப் போராடுகிறார்கள். நான் இலையுதிர்காலம் வரட்டும் என்று பொறுத்து ஏப்ரல் கடைசியில் ஆரம்பித்தேன். துணி துவைக்கிற அறையில் வெயில் படாது, பகலில் 20 டிகிரி அப்படியே நிற்கும். இரவில்தான் இறங்கும். "ஏங்க, ராத்திரி குளிருமே, அதுக்கு ஏதாவது போர்த்த வேண்டாமா?" என்று கேட்டு என் மனைவியே ஒரு பழைய கம்பளியைக் கொண்டுவந்து சுற்றிவிட்டாள். காலையில் பார்த்தால் பழுப்பு நுரை ஒரு கை உயரத்துக்கு எழும்பியிருந்தது, வீடு முழுக்க ரொட்டிக் கடை வாசனை. எனக்கு அன்றைக்கெல்லாம் வேறு எதிலும் மனம் ஓடவில்லை.

இந்த டிரம்மில் ஏர்லாக் (வாயுவைத் தண்ணீர் வழியாகக் குமிழியாக வெளியே விடுகிற அடைப்பு) கிடையாது, மூடி சும்மா உட்கார்ந்திருக்கும், ஓரம் வழியாக வாயு போய்விடும். அதனால் குமிழி வருகிறதா என்று எண்ணிக்கொண்டிருக்கவும் வழியில்லை, அது நல்லதுதான். நுரை அடங்கியதை வைத்து நொதித்தல் முடிந்ததென்று சொல்ல முடியாது. திரவத்தின் அடர்த்தியை அளக்கிற ஹைட்ரோமீட்டர்தான் சொல்லும். கண்ணாடிக் குழலுக்கு அடியில் எடை, மேலே எண்கள், அவ்வளவுதான். வெறும் தண்ணீரில் 1.000 காட்டும். சர்க்கரை கரைந்திருந்தால் மேலே மிதக்கும். ஈஸ்ட் போட்ட அன்று 1.040 இருந்தது, கடைசியில் 1.010-க்கு வந்து நின்றது. அடுத்தடுத்த இரண்டு நாள் அதே எண் காட்டினால் முடிந்தது என்று அர்த்தம். இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை 131-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம் கிடைக்கும், இங்கே ஏறக்குறைய 3.9. வாயு ஏறுவதற்காகப் பாட்டிலில் போடுகிற சர்க்கரை இன்னும் அரை சதவீதம் சேர்க்கும்.

கிட் வாங்குகிறவர்கள் இந்தக் கருவியை ஒதுக்கிவிட்டு நாளை மட்டும் எண்ணுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. ஆறு நாள், ஏழு நாள் என்பதெல்லாம் ஒரு மதிப்பீடு, குளிர் அதிகமானால் இன்னும் இழுக்கும். நொதிக்காத சர்க்கரையோடு பாட்டிலில் அடைத்து, அதற்கு மேல் இன்னும் சர்க்கரை போட்டால், அழுத்தம் ஏறிக்கொண்டே போய்க் கண்ணாடி பாட்டில் வெடிக்கும். பக்கத்தில் பிள்ளைகள் நிற்கலாம். தயவுசெய்து அளந்து பாருங்கள். அளக்க எடுத்த பீரைத் திரும்ப டிரம்மில் ஊற்ற வேண்டாம், குடித்துவிடுங்கள். வெதுவெதுப்பாக, வாயுவே இல்லாமல் இருந்தாலும் கசப்பும் மால்ட்டும் எப்படி வந்திருக்கிறது என்று அதிலேயே தெரியும்.

கிட்டோடு வந்தவை 740 மில்லி பழுப்பு பிளாஸ்டிக் பாட்டில்கள், 30. அந்தப் பழுப்பு நிறத்துக்குக் காரணம் உண்டு. வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் உடைந்து கெட்ட வாடை வரும். ஒவ்வொரு பாட்டிலிலும் சர்க்கரை மிட்டாய் போன்ற உருண்டை இரண்டு. டிரம் குழாயில் நீளமான குழல் ஒன்றை மாட்டினால், அதன் முனை பாட்டிலின் அடியைத் தொடும்போது மட்டும் திறக்கும், பீர் காற்றுப் படாமல் அடியிலிருந்து நிரம்பும். இந்தக் கட்டத்தில் ஆக்சிஜன் சேர்ந்தால் ஈர அட்டையின் ருசி வரும் என்பதால் சளசளவென்று ஊற்றவே கூடாது. பிளாஸ்டிக் பாட்டிலில் இன்னொரு வசதி, அழுத்திப் பார்த்தே வாயு ஏறிவிட்டதா என்று தெரிந்துகொள்ளலாம். முதலில் அமுங்கிய பாட்டில் போகப்போகக் கல்லு மாதிரி ஆகிவிட்டது.

குறைந்தது இரண்டு வாரம் வைக்கச் சொல்கிறார்கள். அந்தக் கெடு முடிந்ததும் திறந்ததில் பச்சை ஆப்பிள் வாசனை மெல்ல இருந்தது, அது அசிட்டால்டிஹைடு, இளம் பீரின் அடையாளம். அதே டிரம்மிலிருந்து நிறைத்த இன்னொரு பாட்டிலை மேலும் சில வாரம் கழித்துத் திறந்தபோது அந்த வாசனை சுத்தமாகப் போய், வறுத்த ரொட்டி ருசி முன்னுக்கு வந்திருந்தது. கசப்பும் மென்மையாகியிருந்தது. கடையில் வாங்குகிறதைவிடச் சிறந்தது என்று சொல்லமாட்டேன், ஆனால் நல்ல பீர். அடியில் ஈஸ்ட் வண்டல் இருக்கும், அதைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம். அடிலெய்டில் கூப்பர்ஸ் பேல் ஏல் வாங்கினாலும் பாட்டிலில் வண்டல் உண்டு, அதைக் கலக்கிக் குடிப்பதற்காகவே இங்கே பாட்டிலை உருட்டிவிட்டுத் திறக்கிறார்கள். எனக்குத் தெளிவாக ஊற்றிக் குடிப்பதுதான் பிடித்திருக்கிறது.

தமிழ்நாட்டில் இருக்கிற நண்பர்கள் கிட் அனுப்ப முடியுமா என்கிறார்கள். அங்கே 1937-ன் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம், அதனால் அனுப்பமாட்டேன். இங்கே சொந்தக் குடிக்காக பீர் செய்யலாம், விற்கக் கூடாது, உரிமம் இல்லாமல் சாராயமாக வடிக்கவும் கூடாது.

அடுத்த டிரம்முக்கு அதே ரியல் ஏல் டின்தான். சர்க்கரைப் பைக்குப் பதில் முழுக்க உலர் மால்ட், ஈஸ்ட்டுக்குப் பொட்டலத்தை விட்டுவிட்டு, பேல் ஏல் பாட்டில் வண்டலை மால்ட் தண்ணீரில் வளர்த்துப் போடப் போகிறேன். இந்த ஊர்க்காரர்கள் பல காலமாகச் செய்கிற வேலை அது. ஜாடி ஒன்று ஏற்கெனவே அடுப்பங்கரை மேடையில் உட்கார்ந்திருக்கிறது.