பாம்பன் தீவின் கரையில் நத்தைகளை எண்ணுதல்

ராமேஸ்வரத்துச் சங்குக் கடைகளைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர்களுக்கு, அந்தத் தீவின் கரையெங்கும் பெரிய, பளபளப்பான சங்குகள் இறைந்து கிடக்கும் என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. கரையில் இறங்கித் தேடினால் கண்ணில் படுபவையோ கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிய, சாம்பலும் பழுப்பும் கருப்புமான நத்தைகள். அவற்றிலும் பாதிக்கு மேல் கல்லின் நிறத்தோடு கலந்து கிடப்பவை. கடையின் அடுக்கில் இருப்பது எந்தக் கடலில், எந்த ஆழத்தில், யாருடைய வலையில் ஏறியது என்பதற்கு எந்தச் சான்றும் கிடையாது. ஆகவே, தீவின் கடல் நத்தைகளைக் கணக்கெடுக்க விரும்புகிறவர் கடைகளை முதலில் மறந்துவிடுவது நல்லது. அலை ஒதுக்கிய ஓடுகளையும் ஓரளவு மறந்துவிடத்தான் வேண்டும். ஓடு நெடுந்தூரம் நகரும். உயிர் இருந்த இடத்தை அது சொல்லாது.

சில ஆண்டுகளாக நானும் கல்லூரி மாணவர்கள் சிலரும் பாம்பன் தீவின் திறந்த கரைகளில் இந்தக் கணக்கெடுப்பைச் செய்துவருகிறோம். அருகிலுள்ள குருசடை, சிங்கில் போன்ற தீவுகள் 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவில் அடங்கியவை. வனத்துறையின் அனுமதியின்றி அங்கே கால் வைக்க முடியாது. பாம்பன் தீவு மக்கள் வாழும் தீவு என்பதால் அதன் கரையில் நடக்கவும், குனிந்து பார்க்கவும், எண்ணவும் தடையில்லை. நாங்கள் உயிருள்ள எதையும் எடுத்துவருவதில்லை. அளவுகோலை அருகில் வைத்து வாய்ப்புறமும் முதுகுப்புறமும் படம் எடுத்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே விட்டுவிடுகிறோம்.

இந்தத் தீவை நத்தைக் கணக்குக்கு ஏற்றதாக ஆக்குவது அதன் இருப்பிடம். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடபுறக் கடல் ஆழம் குறைந்தது, சேறும் கடற்புல்லும் மிகுந்தது. தென்புறம் மணலும் பவளமும் கொண்டது. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்க வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடை தொடங்கியதும் நிலைமை தலைகீழாகிவிடும். ஒரே நாளில் இரு கரைகளையும் ஒப்பிடுகிறேன் என்று கிளம்பினால், ஒரு பக்கத்தில் தெளிந்த நீரிலும் மறுபக்கத்தில் கலங்கிய நீரிலும் எண்ண நேரும். அந்த இரண்டு எண்ணிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதில் பொருளில்லை. ஒவ்வொரு கரையையும் அது அடங்கியிருக்கும் பருவத்தில் எண்ணி, பருவத்தையும் சேர்த்தே பதிவு செய்கிறோம்.

இங்கே கடலின் ஏற்றவற்றம் மிகச் சிறியது; அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களிலும் ஒரு மீட்டரை எட்டுவதில்லை. அதனால் நீர் வற்றும்போது வெளிப்படும் பட்டை குறுகலாக இருக்கிறது. பெரிய ஓதம் உள்ள கடற்கரைகளுக்காக எழுதப்பட்ட வழிகாட்டிகளில், மேல், நடு, கீழ் என்று கரையை அகலமான மண்டலங்களாகப் பிரித்திருப்பார்கள். அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் மூன்று மண்டலங்களும் சில எட்டுகளுக்குள் அடங்கிவிடும். எனவே கரைக்குச் செங்குத்தாகக் கயிற்றைக் கட்டி, ஒவ்வொரு மீட்டருக்கும் அரை மீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரச் சட்டத்தை வைத்து, அதற்குள் இருப்பதை மட்டும் எண்ணுகிறோம். சட்டத்துக்கு வெளியே எவ்வளவு அழகான சோழி கிடந்தாலும் அது கணக்கில் வராது. தனிக் குறிப்பில் போகும். புதிதாக வரும் மாணவர்களுக்கு இதுதான் கடினமாக இருக்கிறது. அழகானதை நோக்கிச் சட்டத்தை ஓரடி நகர்த்தும் ஆசை யாருக்கும் வரும். அந்த ஓரடியில்தான் முழுக் கணக்கும் கெட்டுப்போகும்.

தீவின் வடகரையில் உயர்ந்து நிற்கும் பழைய பவளப்பாறை இதற்கு அருமையான களம். சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிடச் சற்று உயர்ந்திருந்த காலத்தில் வளர்ந்து, பிறகு நீருக்கு வெளியே நின்றுவிட்ட பாறை அது. துளையும் பொந்துமாக இருப்பதால் நத்தைகளுக்கு அது மாடிவீடு போலப் பயன்படுகிறது. அலைத்துளி மட்டுமே தெறிக்கும் உச்சிப் பகுதியில், மிளகளவே உள்ள லிட்டோரினா வகை நத்தைகள் வெயிலில் ஒட்டிக் கிடக்கும். அவை வாயை மூடியால் அடைத்துக்கொண்டு, ஓட்டின் விளிம்பைச் சளிப்பசையால் பாறையோடு ஒட்டிவிட்டு, காலைக் கூட்டுக்குள் இழுத்துக்கொள்கின்றன. சூடான கல்லைத் தொடுவது அந்தப் பசைவிளிம்பு மட்டுமே. செத்த ஓடு என்று தள்ளிவிடத் தோன்றும். கடல்நீர் ஒரு சொட்டு விட்டுச் சற்றுக் காத்திருந்தால் பல நகரத் தொடங்கும்.

சற்றுக் கீழே நெரிட்டா இனங்கள். தடித்த அரைவட்ட ஓடும், பற்கள் போன்ற புடைப்புள்ள வாயும் கொண்டவை. இவற்றில் ஓட்டின் வழுவழுப்பால் அடையாளம் தெரியும் நெரிட்டா பொலிட்டா பகலில் பாறையடி மணலில் புதைந்திருந்து இரவில் மேலேறி மேய்வது. பகல் கணக்கை மட்டும் வைத்து அதை அரிதானது என்று எழுதிவிட்டால் அந்த நத்தைக்கு நாம் அநியாயம் செய்தவர்களாவோம். இரவில் தலைவிளக்கோடு அதே கயிற்றுக்குத் திரும்பியபோது, பகலில் வெறுமையாக இருந்த சதுரங்களில் அவை ஊர்ந்துகொண்டிருந்ததைப் பார்த்த பிறகு, பகலுக்கும் இரவுக்கும் தனித்தனித் தாள் வைப்பதை வழக்கமாக்கிக்கொண்டோம்.

அதற்கும் கீழே பிளானாக்சிஸ் சல்காட்டஸ் என்ற கருஞ்சாம்பல் வரியோடிய நத்தை, ஈரமான பிளவுகளில் கூட்டம் கூட்டமாக அடைந்திருக்கும். ஒரு சதுரத்தில் நூற்றுக்கும் மேல் இருக்கும். அடுத்த சதுரத்தில் ஒன்றுகூட இராது. இத்தகைய உயிரினத்துக்குச் சராசரி எடுப்பது பயனற்றது, சில நேரம் தவறாகவும் வழிகாட்டும். எத்தனை சதுரங்களில் இருந்தது, எத்தனையில் இல்லை என்ற எளிய விகிதமே அதன் பரவலைச் சரியாகக் காட்டும். அதற்கு வெற்றுச் சதுரங்களையும் சலிக்காமல் எழுதிவைத்திருக்க வேண்டும். நான் பார்த்த பழைய களக்குறிப்பேடுகள் பலவற்றில் கண்டவை மட்டுமே இருக்கின்றன, காணாதவை இல்லை. அவற்றைக் கொண்டு ஓர் இனம் குறைந்ததா கூடியதா என்று சொல்ல முடிவதில்லை.

நீர்மட்டத்தை ஒட்டிய கற்களைப் புரட்டினால்தான் சோழிகள், சிறு கோனஸ்கள், டர்போ, டிரோக்கஸ் ஆகியவை தெரியவரும். புரட்டிய கல்லைப் பழையபடி அதே பக்கம் கீழே இருக்குமாறு திருப்பி வைக்காவிட்டால், அடியில் நிழலில் வளர்ந்த பஞ்சுயிர்களும் முட்டைக் கொத்துகளும் வெயிலில் கருகிவிடும், மேலிருந்த பாசி இருட்டில் அழுகும். நத்தையைக் கணக்கெடுக்கப் போய் அதன் வீட்டை அழிப்பதில் எந்த அறிவியலும் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் மாணவர்களிடம் கடுமையாகவே நடந்துகொள்கிறேன். கோனஸை வெறுங்கையால் எடுக்கக்கூடாது என்பது இன்னொரு கட்டளை. அவை நஞ்சுள்ள ஊசிப்பல்லைச் செலுத்தி இரையைப் பிடிப்பவை. மீனுண்ணும் கோனஸ் ஜியோகிராபஸ் மனிதரையே கொன்றிருக்கிறது. சிறியவற்றால் அவ்வளவு ஆபத்தில்லை என்றாலும், இனம் தெரியாத நிலையில் துணிந்து பார்க்கும் காரியம் அதுவல்ல.

ஓடு நகர்கிறது என்பதற்காக அதை நத்தை என்று எழுதிவிடவும் முடியாது. நத்தை வழுக்கிக்கொண்டு ஒரே சீராகப் போகும். தத்தித் தத்தி, ஓட்டை இழுத்துக்கொண்டு ஓடுவது துறவி நண்டு. பாம்பன் கரையில் நெரிட்டா ஓடுகளிலும், செரித்தியம் என்ற நீண்ட கூம்பு வடிவ நத்தையின் ஓடுகளிலும் பெரும்பங்கு இந்த நண்டுகளின் குடியிருப்பாகவே இருக்கிறது. எங்கள் தாளில் உயிருள்ள நத்தை, நண்டு குடியேறிய ஓடு, வெற்றோடு என மூன்று பத்திகள் உண்டு. மூன்றாவது பத்தியில் மட்டும் இடம்பெறும் இனத்தை, இக்கரையில் வாழ்வது என்று நாங்கள் எங்கும் சொல்வதில்லை.

மணற்கரையில் சதுரச் சட்டம் அவ்வளவாக உதவாது. அங்கே தடயங்களைப் படிக்க வேண்டியிருக்கிறது. மணலுக்குள் உழுது செல்லும் நாட்டிகா வகை நத்தைகளை நேரில் காண்பது அரிது. அவை மணலையும் சளியையும் பிசைந்து சட்டைக் கழுத்துப்பட்டி போலச் செய்துவைக்கும் முட்டை வளையங்கள் கடல் வற்றிய பின் தெளிவாகத் தெரியும். அவை தின்று தீர்த்த சிப்பிகளில், விளிம்பு சரிவாகச் சீவிய ஒரு வட்டத்துளை இருக்கும். வளையத்தையும் துளையையும் எண்ணினால் நத்தை இருப்பது உறுதியாகும், எத்தனை என்பது தெரியாது. இருப்புக்குச் சான்று, எண்ணிக்கைக்கு அல்ல என்று குறித்துவிட்டு நகர்கிறோம்.

சங்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டர்பினெல்லா பைரம் என்ற நம் சங்கு ஆழத்து மணலில் வாழ்வது. கரையில் எண்ணுகிறவர்களுக்கு அது பெரும்பாலும் சங்குப்பூவாகத்தான் அகப்படும். ஆட்டுக்கொம்பு போல முறுக்கிய, அறை அறையாகப் பிரிந்த அந்த முட்டைக்கூட்டை அலை அறுத்துக் கரையில் ஒதுக்கிவிடும். முத்து, சங்குக் குளிப்பை மேற்பார்த்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் சங்கைப் பற்றி எழுதியதில் இந்தக் கூட்டையும் விவரித்திருக்கிறார். கூட்டிலிருந்து வெளிவருவது நீந்தித் திரியும் நுண்புழு அல்ல, ஓடு முளைத்த குட்டிச் சங்கு. நீரோட்டம் தூக்கிச் செல்லும் பருவம் அதற்கு வாய்ப்பதே இல்லை. ஒரு திட்டில் அளவுக்கு மீறி அள்ளிவிட்டால், பக்கத்துக் கடலிலிருந்து குஞ்சுகள் மிதந்துவந்து அதை நிரப்பிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

நத்தை இனங்களின் செல்வம் பெரும்பாலும் கண்ணுக்கு எட்டாத அளவில் இருக்கிறது என்பதை உலகுக்குத் தெளிவாகக் காட்டியது தென்மேற்குப் பசிபிக்கின் நியூ கலிடோனியாத் தீவில், கூமக் என்ற இடத்தில் நடந்த ஆய்வு. பிலிப் பூஷேயும் உடனாய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட முடிவுகளின்படி, 295 சதுர கிலோமீட்டர் பரப்பில் நத்தை, சிப்பி முதலான மெல்லுடலிகளில் 2,738 இனங்கள் கிடைத்தன. அவற்றில் மூன்றில் ஒரு பங்கு முழு வளர்ச்சியிலும் 4.1 மில்லிமீட்டரைத் தாண்டாதவை. ஐந்தில் ஒரு பங்கு இனங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு மாதிரி. கடற்கரையில் நடந்து கண்ணால் பொறுக்கிச் சேர்த்த எந்தப் பட்டியலும் எவ்வளவு அரைகுறையானது என்பதை இந்த மூன்று எண்களே சொல்லிவிடுகின்றன. பிலிப்பைன்ஸின் பங்லாவ் தீவுப் பகுதியில் மீனவர்கள் பழைய வலைகளைக் கட்டுக்கட்டாகக் கட்டி ஆழ்கடலில் மாதக்கணக்கில் கிடக்கவிட்டு, அதில் வந்து குடியேறும் நுண்ணத்தைகளைச் சேகரிக்கும் முறை ஒன்று உண்டு; ஆய்வாளர்களும் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். எங்களுக்கு அந்த வசதி இல்லை, உயிரைக் கொல்லும் எண்ணமும் இல்லை. அலைவிளிம்பில் ஒதுங்கிய மணலை ஒரு கைப்பிடி அள்ளி, உலர்த்திச் சலித்து, உருப்பெருக்கியின் கீழ் ஈரத் தூரிகை முனையால் ஒவ்வொன்றாகப் பிரிக்கிறோம். எல்லாம் வெற்றோடுகள் என்பதால் மூன்றாவது பத்திக்கே போகின்றன. ஆனாலும் ஒரு பிற்பகல் முழுவதும் ஒரு கைப்பிடி மணலோடு கழிந்துவிடுகிறது.

இந்த வேலையில் எங்களுக்கு வாய்த்த சிறந்த ஆசிரியர்கள் பாசி எடுக்கும் பெண்கள். இடுப்பளவு நீரில் ஆண்டு முழுவதும் கல்லைத் தடவிப் பழகியவர்களுக்கு எந்தத் திட்டில் எது இருக்கும் என்பது மனப்பாடம். ஐவிரல் சங்கு, யானைமுள்ளி என்ற பெரிய நத்தைகள் எங்கே என்று கேட்டபோது, அவர்களில் மூத்த அக்கா ஒருவர், “கரையில நின்னு தேடுனா அது எப்படித் தம்பி கிடைக்கும்? புல்லு முடிஞ்சு கல்லு தொடங்குற எடத்துல பாரு. வாடை விழுந்துட்டா அதுவும் தெரியாது, தண்ணி கலங்கிரும்” என்றார். அவர் சொன்ன எல்லைக்கோடு எங்கள் கயிற்றுக்கு அப்பால் இருந்தது. அடுத்த பருவத்தில் கயிற்றை அதுவரை நீட்டினோம். ஐவிரல் சங்கு சட்டத்துக்குள் வந்தது. யானைமுள்ளி கிடைக்கவில்லை. அதன் இறைச்சியோடு மூடிக்கும் தனி விலை உண்டு. வாசனைப் பொருள் செய்கிறவர்கள் அதை வாங்குகிறார்கள். கால் எட்டும் ஆழத்தில் அது தென்படாததற்கு இந்த விலையும் ஒரு காரணமாக இருக்கக்கூடும் என்பது என் கணிப்பு.

அரசின் சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் பல கடல் மெல்லுடலிகள் சேர்க்கப்பட்டன. கேசிஸ் கார்னூட்டா, சரோனியா டிரைட்டோனிஸ் என்ற இரு பெரிய நத்தைகளும் முதல் அட்டவணையிலேயே இடம்பெற்றன. கரையில் இவற்றின் ஓடு கிடைத்தாலும் படம் எடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இனப்பெயர்களைச் சரிபார்ப்பது தனிப் பெருவேலை. சென்னை அரசு அருங்காட்சியகம் 1927இல் குருசடைத் தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றி வெளியிட்ட தொகுப்பு இந்தப் பகுதிக்கு இன்றும் அடிப்படை. ஆனால் அன்றைய பேரினங்கள் பல இன்று உடைக்கப்பட்டும் இணைக்கப்பட்டும் விட்டன. அன்று டிரோக்கஸ் நைலோட்டிகஸ் எனப்பட்டது இன்று ரோக்கியா நைலோட்டிகா. பெயர் மாறியதை இனம் மறைந்ததாகவோ புதிதாக வந்ததாகவோ எண்ணிவிடாதிருக்க, மெல்லுடலிகளின் பெயர்களைத் தொகுக்கும் மொல்லஸ்காபேஸ் தரவுத்தளத்தில் ஒவ்வொன்றையும் தேடிப் பழைய பெயரையும் புதிய பெயரையும் அருகருகே எழுதிவருகிறோம். நெரிட்டாக்கள் முடிந்துவிட்டன. செரித்தியக் குடும்பம் பாதியில் நிற்கிறது. அதில் ஓட்டின் தேய்மானத்தால் ஒன்றுபோலத் தெரிகிறவற்றைப் படத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது என்பதால், பேரினப் பெயரோடு நிறுத்திக்கொண்டிருக்கிறோம். கச்சான் ஓய்ந்ததும் தென்கரையில் குந்துகால் பக்கத்துக் கயிறுகளை மறுபடி எண்ண வேண்டும். அதற்குள் படங்களை, உயிரினப் பதிவுகளைப் பகிர்ந்துகொள்ளும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் ஏற்றி முடித்துவிட எண்ணம்.