இல்ல விளையாட்டுப் போட்டியும் வேலியோரப் போத்தலும்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில், பிள்ளைகளை இல்லங்களாகப் பிரித்து நடத்தும் இல்ல விளையாட்டுப் போட்டி வருவதும் பெரும்போக வேளாண்மை வெட்டு வருவதும் ஏறக்குறைய ஒரே காலம். தை, மாசி, பங்குனிக்குள் இரண்டும் நடந்து முடியும். வெட்டு முடிந்த வீடுகளில் காசு புழங்கும். நெல் விற்ற அப்பாமார், வெளியூரில் வேலை செய்யும் பழைய மாணவர்கள், விளையாட்டுக் கழகப் பொடியன்மார் என்று ஊரே மைதானத்துக்கு வரும். எங்கள் போட்டியின் அழகே அதுதான். விளையாட்டு ஆசிரியராக எனக்குள்ள பெரிய கவலையும் அங்கேதான் இருக்கிறது. வருகிறவர்களில் சிலர் குடித்துவிட்டு வருகிறார்கள். சிலர் வந்த பிறகு வேலிக்குப் பின்னால் போய்க் குடிக்கிறார்கள்.

இதைக் காவாலிகளின் வேலை என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அவர்களில் பலர் எங்களுக்குத் தோள் கொடுக்கிறவர்கள். இல்லச் சோடனைக்குக் கம்பும் தென்னோலையும் ஏற்றி இறக்குவது, இரவிரவாக நின்று வாசல் கட்டுவது, விடியப்புறம் ஓட்டத் தடங்களுக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவது எல்லாம் அவர்கள்தான். ஒரு சதம் கூலி கிடையாது. அதனால் இல்லத்துக்குச் சேர்த்த காசில் “வேலை செய்த பொடியனுகளுக்கு ஒண்டு எடுத்துக் குடுப்பம்” என்று போத்தல் வாங்கும் ஒரு வழக்கம் வந்துவிட்டது. அது அந்த இரவோடு முடிவதில்லை. மறுநாள் பின்னேரம் பெற்றோருக்கான கயிறிழுத்தல் வரும்போதும் அந்த வெறி மைதானத்துக்குள் நிற்கும். முந்தின இரவு முழுக்க எங்களுக்காகக் கண்விழித்தவரைப் பார்த்து “வெளிய போங்க அண்ணன்” என்று சொல்ல லேசில் வாய் வராது.

ஆபத்து ஒரு பக்கம் இருக்கிறது. 18 வயதுக்குட்பட்ட ஆண் பிள்ளைகள் எறியும் ஈட்டி 700 கிராம், பரிதிவட்டம் ஒன்றரைக் கிலோ. பழகாத கையிலிருந்து நழுவினால் பரிதிவட்டம் கோட்டுக்கு வெளியே எங்கேயும் போகும். கயிறு கட்டியிருப்பது தெரியாமல் ஒருவர் தள்ளாடிக்கொண்டு அதற்குள் வந்தால், பிறகு நடப்பதற்கு நடுவர் என்ன செய்வார்?

ஆனால் என்னை அதிகம் வருத்துவது வேறு. ஒருமுறை எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருவன் பெற்றோருக்கான அழைப்பிதழைத் திருப்பிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். நூறு மீற்றரில் இறுதிப் போட்டிக்குத் தெரிவானவன்.

“என்ன மனே, வீட்டில குடுக்கல்லியா?”

“அம்மாக்கிட்ட வாயால சொல்லிட்டன் சேர். கடதாசியக் கண்டா அப்பாவும் வருவார்.”

அழைப்பிதழில் பெயர் எழுதும் கோட்டில் அப்பாவின் பெயரை முதலெழுத்துகளோடு, அடிமட்டம் வைத்ததுபோல நேராக எழுதியிருந்தான். எழுதும்போது கொடுக்கிற எண்ணம் இருந்திருக்கிறது. அந்த அப்பா சண்டைக்காரர் இல்லை. மகன் ஓடும்போது கோட்டைத் தாண்டி உள்ளே வந்து, கூடவே ஓடிக் கத்துகிறவர். அது பாசம்தான். ஆனால் சனம் சிரிப்பது அந்தப் பிள்ளையின் காதில் விழுகிறது.

வெளிநாட்டில் இருந்து வரும் பழைய மாணவர்கள் கேட்பதுண்டு: “அங்க பிள்ளையள் விளையாட அப்பாமார் ஒரு பியரோட பாத்துக்கொண்டிருப்பாங்க. அளவோட குடிச்சிட்டு ஓரமா இருந்தா என்ன சேர்?” ஓரளவு நியாயமான கேள்விதான். ஆனால் அங்கேயும் அது தீர்ந்துபோன விஷயம் இல்லை. அவுஸ்திரேலியாவில் ‘குட் ஸ்போர்ட்ஸ்’ என்ற திட்டம் ஊர்க் கழகங்களில் குடியைக் கட்டுப்படுத்தவென்றே வேலை செய்கிறது. அப்புறம், அளவு என்பது பெரியவர்களின் கணக்கு. பிள்ளை கண்ணையும் குரலையும் நடையையும்தான் பார்க்கும். வீட்டில் அந்தக் குரல் எப்படி முடியும் என்பது அதற்குத் தெரியும். “ஆயத்தம்” சொன்ன பிறகு காது முழுக்க வெடிச் சத்தத்துக்குக் காத்திருக்க வேண்டும். வேலிப் பக்கம் காதை வைத்திருக்கும் பிள்ளை நூறு மீற்றரைப் புறப்படும் இடத்திலேயே இழந்துவிடும். கழகங்களின் மென்பந்துச் சுற்றுப்போட்டி பெரியவர்களின் விளையாட்டு, அங்கே என்ன செய்வது என்பது வேறு வழக்கு. பிள்ளைகளின் போட்டியில் ஒரு மிடறும் வேண்டாம் என்பதே என் நிலைப்பாடு.

சட்டம் தன் பங்கைச் செய்திருக்கிறது. இலங்கையின் 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுசாரம் விற்க முடியாது. மதுக் கம்பனிகள் விளையாட்டுக்கு அனுசரணை கொடுக்கவும் முடியாது. கம்பனியின் பெயர்ப் பலகை மைதானத்துக்குள் வர வழியில்லை. ஆனால் சாதாரணதர வகுப்பில் படிக்கும் பிள்ளையிடம் காசைக் கொடுத்து, “தம்பி, ஒரு சோடாவும் கொஞ்சம் பைட்ஸும் வாங்கிட்டு வா” என்று கடைக்கு அனுப்புவது எங்கள் ஆட்கள்தான். அந்தப் பிள்ளை நிகழ்ச்சியைத் தவறவிட்டு, பையுடன் வேலிக்குப் பின்னால் போவதைக் கண்டிருக்கிறேன்.

வலய மட்டப் போட்டிக்கு மட்டக்களப்பு நகரிலுள்ள வெபர் மைதானம் போகும்போது எனக்கு இந்தக் கவலை குறைவு. அங்கே வருகிறவர்கள் பார்வையாளர்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் வீட்டுக்காரர்கள். வெளியாளுக்குப் போடும் தடை வீட்டுக்காரருக்குச் சரிவராது.

அதனால் ஒலிபெருக்கியில் அறிவிக்கும் முறையை நான் ஏற்பதில்லை. “குடித்துவிட்டு வந்தவர்கள் வெளியேறவும்” என்று சொன்ன உடனே முழு மைதானமும் யாரென்று தேடும், அவருடைய பிள்ளை தலை குனியும். அவரோடு படித்தவர் ஒருவர், இல்லாவிட்டால் மாமன், மச்சான் முறையில் ஒருவர் போய்த் தோளில் கைபோட்டுக் கூட்டிக்கொண்டு போவதுதான் சரிவந்தது. பெற்றோர் கூட்டத்தில் இதைப் பேசியபோது அம்மாமார்தான் முதலில் வாய் திறந்தார்கள். கயிறிழுத்தலை அவர்கள் கேட்டபடி காலையில் வைத்தோம். சோடனை இரவுக்கு இல்லக் காசில் கோழிக் கறியும் சோறும் என்று முடிவானது, சமையலையும் பழைய மாணவர்களே பொறுப்பெடுத்தார்கள். சிலர் முகம் சுளித்தார்கள். வேலைக்கு வராமல் நின்றவர்கள் குறைவு.

இந்த மாசியில் இல்லப் பொறுப்பாசிரியராக இருக்கப்போகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: செலவுக் கணக்கில் “இதர செலவு” என்று ஒரு வரி வந்தால், அது எதற்கு என்று கேட்டுவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.